சூட்டுக்கோலை ஒதுக்கி வைத்தவர்

இந்தத் தடவை நான் எழுதுவது அம்புரோஸ் பாரே என்பவரைப் பற்றி. பிரான்ஸ் நாட்டில் லாவால் என்ற ஊர்ப் பக்கம் 1510ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தார். முடி வெட்டும் தொழில் பழகியவர். சிரிக்காதீங்க! அந்தக் காலத்தில் அங்கே காயத்துக்குக் கட்டுப் போடுவது, கட்டி கீறுவது எல்லாம் அவர்கள் வேலைதான்.

1537இல் பட்டாளத்தோடு இத்தாலியில் டூரின் நகருக்குப் போனார். துப்பாக்கிக் காயத்தில் விஷம் இருக்கும் என்று நம்பி, கொதிக்கிற எண்ணெயை ஊற்றுவதுதான் அப்போது வைத்தியம். ஒரு நாள் எண்ணெய் தீர்ந்து போச்சு. வேறு வழியில்லாமல் முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் கலந்து தடவினார். ராத்திரி தூக்கமே வரலை. செத்துப் போயிருப்பாங்களோ என்று பயம். விடியுமுன் போய்ப் பார்த்தால் அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். எண்ணெய் ஊற்றியவர்கள்தான் காய்ச்சலிலும் வீக்கத்திலும் துடித்தார்கள். 1545இல் இதையெல்லாம் புத்தகமாக எழுதினார், லத்தீனில் இல்லை, தாய்மொழி பிரெஞ்சில்.

கால் கையை வெட்டி எடுத்தால் ரத்தம் பீறிடும். அதை நிறுத்தப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவார்கள். மயக்க மருந்தும் கிடையாது. 1552இல் டாம்வில்லியர் முற்றுகையில் ஒருவருக்குக் குண்டடியில் கால் நசுங்கிவிட்டது. பாரே காலை எடுத்தார், ஆனால் சுடவில்லை. காக்கா மூக்கு மாதிரி ஒரு குறடால் ரத்தக்குழாயை இழுத்து நூலால் கட்டினார். அவர் மரக்காலோடு சந்தோஷமாக வீட்டுக்குப் போனாராம். குழாயைக் கட்டுவது பழைய காலத்து முறைதான், எல்லோரும் மறந்திருந்தார்கள்.

இதைப் படித்தப்போ எங்க சித்தி ஞாபகம் வந்துச்சு. கதிர் அறுக்கையில் கருக்கரிவாள் காலில் ஆழமாப் பட்டுருச்சு. ஒருத்தர் காப்பித்தூளை அப்பச் சொன்னாங்க. அப்பத்தா கேட்கலை, சுத்தமான துணியை மடிச்சு விடாம அழுத்திப் பிடிச்சாங்க. துணி நனைஞ்சும் எடுத்துப் பார்க்கலை, மேலேயே இன்னொன்னு வச்சு அழுத்தினாங்க. சித்தி முகம் வெளுத்து, உடம்பு சில்லுன்னு வேர்த்து, தண்ணி தண்ணின்னு கேட்டாங்க. நான் சொம்பைக் கொண்டு ஓடினேன். 108இல் வந்த அண்ணன் தடுத்துட்டார். ரத்தம் குறைந்தால் வருகிற அதிர்ச்சி நிலையாம் அது. குடிக்கக் கொடுக்காமல் படுக்க வைத்துப் போர்த்திவிடணுமாம்.

பாரே நான்கு ராஜாக்களுக்கு வைத்தியராக இருந்தார். 1559இல் ஈட்டி குத்திய இரண்டாம் ஹென்றியை அவராலும் காப்பாற்ற முடியவில்லை. 1590 டிசம்பர் 20இல் பாரிஸில் இறந்தார். ஆபரேஷனில் ரத்தக்குழாயை நூலால் கட்டுவது இன்னைக்கும் நடக்குது.