தைப்பூசமும் வடலூர் வள்ளலாரும்

தைப்பூசத் திருநாளில் பத்துமலையிலும் தண்ணீர்மலையிலும் காவடிகள் ஆடிவர, தமிழகத்து வடலூரில் ஏழு திரைகள் விலகி ஜோதி தரிசனம் நிகழ்கின்றது. அத்திருத்தலத்தை அமைத்தருளியவர் வள்ளலார் எனப் போற்றப்பெறும் இராமலிங்க அடிகளார்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது மகவாக 5.10.1823 அன்று அடிகளார் அவதரித்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் படிப்பில் மனம் பற்றாத அச்சிறுவருக்குக் கந்தகோட்டத்து முருகப்பெருமான் சந்நிதியே கல்விக்கூடமாயிற்று. 1858ஆம் ஆண்டில் சென்னையை நீங்கி, கருங்குழியில் தங்கினார்.

அது ஆங்கிலேயர் ஆண்ட காலம். பாதிரிமார்கள் கோயில் வழிபாட்டைப் பழித்துவந்தனர். அதற்கு விடைகாண நம்மவர் இரு வழிகளில் முயன்றனர். உருவ வழிபாட்டைக் கைவிட்டுச் சமயத்தைப் புதுக்க வேண்டும் என்றனர் பிரம்ம சமாஜத்தார். ஆகம நெறியை அணுவளவும் வழுவாது காக்க வேண்டும் என்றார் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். 1864இல் சிதம்பரத்தில் சைவப் பாடசாலையும் நிறுவினார்.

வள்ளலார் இவ்விரு வழியிலும் முழுமையாக அடங்கவில்லை. பிரம்ம சமாஜத்து ஸ்ரீதர நாயகரோடு வாதிட்டு உருவ வழிபாட்டை நிலைநாட்டிய அவரே, 1865இல் சாதி சமய வேறுபாடுகளைக் கடந்த சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார்.

1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார், அடிகளாரின் பாடல்களைத் திருவருட்பா என்னும் பெயரில், திருமுறைகளாக வகுத்து வெளியிட்டார். நாவலர் இதனைக் கடுமையாக மறுத்தார். நாயன்மார்களின் அருட்பாடல்களுக்கே உரிய பெயரைப் பிறருக்குத் தருவது முறையன்று என்பது அவர் கருத்து. மாற்றார் தாக்கும் வேளையில் வேலியைத் தளர்த்தலாகாது என்ற அவரது கவலையும் மெய்யான சைவப்பற்றில் பிறந்ததே. கண்டனங்கள் பெருகின, 1869இல் பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அடிகளார்மீது சாட்டப்பட்ட குற்றம் தள்ளுபடியாயிற்று.

இரண்டு சிவனடியார்களின் வழக்கை வெள்ளையர் ஆட்சியின் நீதிமன்றம் விசாரிக்க நேர்ந்தது வருந்தத்தக்கதே. ஆயினும் அடிகளாரின் உள்ளம் வழக்கில் நிற்கவில்லை, பசித்தவரிடமே நின்றது. வடலூர் மக்கள் 80 காணி நிலம் மனமுவந்து அளிக்க, 23.5.1867 அன்று அங்கே சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றிருந்தது. வருபவரின் குலமும் சமயமும் கேளாமல் அங்கு அன்னம் பரிமாறப்பட்டது. 25.1.1872 தைப்பூசத்தன்று எண்கோண வடிவான சத்திய ஞான சபையில் வழிபாடு தொடங்கிற்று. புலால் உண்போர் சபைக்குப் புறத்தே நின்று வழிபட வேண்டும் என்பது மட்டும் அடிகளார் வகுத்த கண்டிப்பான விதி.

30.1.1874 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் ஓர் அறையினுள் சென்று கதவை அடைத்துக்கொண்டார். ஜோதியில் கலந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை.

அருட்பா பற்றிய வாதங்கள் இன்று நூல்களில் உறங்குகின்றன. அன்று தருமச்சாலையில் மூட்டிய அடுப்போ இன்னும் அணையாது எரிகின்றது. தைப்பூசத்தில் கோயில்தோறும் அன்னதானத்திற்கு அரிசி அளிப்போரும், இலையிடுவோரும், பரிமாறுவோரும் அந்த அடுப்புக்கு விறகு சேர்ப்பவரே ஆவர்.