ரேட் ஃபிங்க் தந்த எட் ரோத்: பையன்கள் வரிசை பிடித்துப் பார்த்த கார் கலைஞர்

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கார் கண்காட்சி நடந்தால் ஒரு மூலையில் மட்டும் கூட்டம் குறையவே குறையாது. பத்து வயதுப் பையன் முதல் மீசை அரும்பிய இளைஞன் வரை அங்கே வரிசை பிடித்து நிற்பார்கள். வரிசையின் முனையில், ஆறடிக்கு மேல் உயரமும் குறுந்தாடியும் கொண்ட ஒருவர் ஏர்பிரஷ் கருவியைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். பையன் தன்னிடம் உள்ள காரையோ, வாங்க ஆசைப்படும் காரையோ சொன்னால் போதும். சில நிமிடங்களில் அந்தக் காரும், அதன் கூரையைப் பிய்த்துக்கொண்டு கண் பிதுங்க, நாக்குத் தொங்க, கியர் கம்பைப் பிடித்தபடி எழுந்து நிற்கும் ஒரு பூதமும் டி-சட்டையில் வந்துவிடும். சாயம் காயும் முன்பே பையன் அதை மாட்டிக்கொண்டு போவான். வீட்டில் அம்மா முகம் சுளிப்பார். அதுதான் அவனுக்கு வேண்டியதும்.

அந்த மனிதர்தான் எட் ரோத். ரசிகர்களுக்கு அவர் 'பிக் டேடி' ரோத். இன்று பேரங்காடியில் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கும் ஹாட் வீல்ஸ் கார்களுக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1968இல் மேட்டல் நிறுவனம் முதன்முதலாக வெளியிட்ட 16 ஹாட் வீல்ஸ் கார்களில் 'பீட்னிக் பேண்டிட்' ஒன்று. அது ரோத் தம் கையால் கட்டிய காரின் குட்டி வடிவம்.

எட் ரோத் 1932 மார்ச் 4ஆம் தேதி கலிபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸில் பிறந்தார். பெவர்லி ஹில்ஸ் என்றதும் பணக்காரக் குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தந்தை மர வேலைக்காரர். அலமாரி, மேசை செய்பவர். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் பெல் என்ற தொழிலாளர் ஊரில்தான் பிள்ளை வளர்ந்தார். வீட்டில் பேசியது ஜெர்மன் மொழி. பள்ளிக்கூடத்து நோட்டுப் புத்தகங்களில் பாடத்தை விட விமானமும் பூதமும் காரும்தான் அதிகம்.

14 வயதில் ஒரு பழைய 1933 ஃபோர்டு கார் அவர் கைக்கு வந்தது.

அந்தக் காலத்துக் கலிபோர்னியாவைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் மற்றது விளங்கும். 1932இல் ஃபோர்டு நிறுவனம் எட்டு சிலிண்டர் கொண்ட வி-8 எஞ்சினைச் சாதாரண மக்கள் வாங்கும் விலைக்குக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரத்தில் அந்தக் கார்கள் பழசாகி மலிவாகக் கிடைத்தன. போரிலிருந்து திரும்பிய இளைஞர்களுக்கு எஞ்சின் வேலை தெரியும், கையில் கொஞ்சம் காசும் இருந்தது. மட்கார்டைக் கழற்றி எறிந்து, கூரையை அறுத்துத் தாழ்த்தி, எஞ்சினை முடுக்கிவிட்டு, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். அப்படிப் பிறந்தவைதான் ஹாட் ராட் கார்கள். வேகத்தை விட அழகைப் பெரிதாக எண்ணியவர்கள் காரின் உடம்பையே வெட்டி ஒட்டிப் புது வடிவம் கொடுத்தார்கள். அதற்குக் கஸ்டம் கார் என்று பெயர். போலீசுக்கும் பெற்றோருக்கும் இரண்டுமே பிடிக்கவில்லை.

பள்ளி முடித்த ரோத் கல்லூரியில் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். கார்களைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொடுப்பார்கள் என்ற எண்ணம். அது நடக்காததால் விலகினார். 1951இல் ஆகாயப் படையில் சேர்ந்து 1955இல் வெளியே வந்தபோது குடும்பஸ்தர். பின்னாளில் ஐந்து மகன்கள். பகலில் சியர்ஸ் பேரங்காடியில் காட்சிப் பொருள் அடுக்கும் பிரிவில் வேலை. அந்தச் சம்பளம் வீட்டுக்குப் போதவில்லை. ஆகவே இரவில் கார்களுக்குக் கோடு போடக் கிளம்பினார்.

பின்ஸ்ட்ரைப்பிங் என்பார்கள். நீண்ட மயிர் கொண்ட தூரிகையைச் சாயத்தில் தோய்த்து, கார் உடம்பில் நூல் போன்ற கோடுகளை இழுக்கும் கலை. இந்தப் பக்கம் ஒரு வளைவு போனால் அந்தப் பக்கமும் அதே வளைவு, அச்சுப் பிசகாமல். வாசலில் கோலம் போடும் அம்மாமார்களுக்கு அந்தக் கையின் அருமை தெரியும். 1950களில் கலிபோர்னியா இளைஞர்களை இந்தக் கோடுகளின் மேல் பைத்தியமாக்கியவர் வான் டச் என்ற பெயரில் அறியப்பட்ட கென்னத் ஹோவர்ட். அவர் திறந்துவிட்ட வழியில் பிழைப்புத் தேடி வந்த பலரில் ரோத்தும் ஒருவர். வயதான சாயக்காரர் ஒருவரோடும் அவர் பேரனோடும் சேர்ந்து கடை நடத்தினார். பிறகு மேவுட் என்ற ஊரில் சொந்தப் பட்டறை போட்டார். கோடு போடும் இடைவேளையில் டி-சட்டையில் பூதம் வரைந்து விற்கப்போய், சட்டைகள் கோடுகளை விட அதிகமாக விலை போயின.

அந்தச் சட்டைக் காசுதான் கார்களாக மாறியது.

அதுவரை கஸ்டம் கார் என்றால் கம்பெனி செய்த இரும்பு உடம்பை வெட்டி ஒட்டுவதுதான். தகடு அடிக்கவும் வெல்டிங் செய்யவும் தேர்ந்த கை வேண்டும், செலவும் அதிகம். ரோத் வேறு வழி பிடித்தார். மனத்தில் உள்ள வடிவத்தைப் பிளாஸ்டர் மாவில் பெரிய சிலை போலச் செய்வார். அதன் மேல் கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி ரெசின் பூசுவார். இறுகியதும் உள்ளே உள்ள மாவை உடைத்து எடுத்துவிட்டால் கார் உடம்பு தயார். ஃபைபர்கிளாஸ் தூள் தோலில் பட்டால் அரிப்பு தாங்காது, ரெசின் வாடையோ தலையைச் சுற்றும். ஆனால் பட்டறையும் பட்டமும் இல்லாதவன்கூட வீட்டுக் கொட்டகையில் காரை முதலிலிருந்து உருவாக்கலாம் என்பதை ஆயிரக்கணக்கான பையன்களுக்கு அது காட்டிக் கொடுத்தது. ரோத் செய்தவற்றில் பெரியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். மற்றவையெல்லாம் வேடிக்கை.

1959இல் வந்த 'அவுட்லா' அந்த வழியில் பிறந்த முதல் கார். முதலில் அதற்கு எக்ஸ்காலிபர் என்று பெயர். 1961இல் வந்தது பீட்னிக் பேண்டிட். கூரைக்குப் பதில் கண்ணாடிக் குமிழி போல ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடி. அதைப் பீட்சா அடுப்பில் சூடாக்கி ஊதிச் செய்தார் என்ற கதை ரசிகர்களிடையே பிரபலம். உள்ளே ஸ்டீயரிங் வட்டு கிடையாது. திருப்ப, வேகமெடுக்க, நிறுத்த எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே ஒரு கம்பு. 1963இல் செய்த 'மிஸ்டீரியன்' காரில் இரண்டு ஃபோர்டு எஞ்சின்கள்! அந்தப் பாரம் தாங்காமல் கண்காட்சிக்குக் கண்காட்சி கொண்டு போகும் வழியிலேயே சட்டம் விரிசல் விட்டது. சாலையில் ஓட்ட முடியுமா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கார்களில் பதில் இல்லை. அவை பார்ப்பதற்கு.

பிளாஸ்டிக் மாதிரிப் பொம்மைகள் செய்யும் ரெவெல் நிறுவனம் இதைக் கவனித்தது. ரோத்தின் கார்களைப் பசை போட்டு ஒட்டும் பெட்டிகளாக விற்க ஒப்பந்தம் போட்டது. ஒரு பெட்டிக்கு ரோத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு காசு. கேட்கவே பரிதாபமாக இருக்கிறது. ஆனால் 1963இல் மட்டும் அந்த ஒற்றைக் காசுகள் சேர்ந்து 32,000 டாலர் ஆயின என்பது கணக்கு. அப்படியென்றால் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் விற்றிருக்கின்றன. 'பிக் டேடி' என்ற பட்டமும் ரெவெல் கொடுத்ததுதான். கண்காட்சிக்கு வரும் பெற்றோர் பயப்படக் கூடாது என்று, கோட்டும் உயரத் தொப்பியும் ஒற்றைக் கண் கண்ணாடியும் மாட்டிவிட்டார்கள். பூதம் வரைபவரைக் கனவானாக்கும் முயற்சி. மாப்பிள்ளைக் கோலத்தில் அவர் வந்து நின்றதும் பையன்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அந்த ஆண்டுகளில் நாடு முழுவதும் பரவியது அவருடைய ரேட் ஃபிங்க். வால்ட் டிஸ்னியின் மிக்கி எலிக்கு மாற்றாக ரோத் வரைந்த பச்சை எலி அது. இரத்தம் கட்டிய கண், கூரான பல், ஈ மொய்க்கும் உடம்பு, மார்பில் எழுத்துகள் பொறித்த சிவப்பு ஆடை. மிக்கி சுத்தம், நல்ல பிள்ளை. இது அழுக்கு, சொல் பேச்சுக் கேட்காது. வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் பையனுக்குத் தன்னைப் போல் ஒரு ஜீவன் கிடைத்துவிட்டது. எழுத்தாளர் டாம் வுல்ஃப் 1963இல் எஸ்குவையர் இதழில் கஸ்டம் கார்கள் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் ரோத்தும் வந்தார். காரைப் பிரிக்கும் பையன்களின் வேலையையும் கலை என்று படித்தவர்கள் பேசத் தொடங்கியது ஏறக்குறைய அப்போதுதான்.

சரிவும் விரைவிலேயே வந்தது. 1964இல் அவர் கட்டிய 'ஆர்பிட்ரான்' காரின் முன்னால் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று விளக்குகள். வண்ணத் தொலைக்காட்சியைப் போல மூன்றும் கலந்து வெள்ளொளி தரும் என்பது யோசனை. ஆனால் பளபளவென்று குரோம் பூசிய எஞ்சினை மூடிபோட்டு மறைத்துவிட்டார். எஞ்சினைப் பார்க்கத்தானே பையன்கள் வருகிறார்கள்! அந்தக் கார் எடுபடாமல் போனதற்கு அந்த மூடியையே ரோத் குறை சொல்வார். பீட்டில்ஸ் மீதும் ஒரு பங்கைப் போடுவார். அதே ஆண்டு அமெரிக்காவுக்கு வந்த பீட்டில்ஸ் குழுவைப் பார்த்து, கார் சாமான் வாங்கச் சேர்த்த காசைப் பையன்கள் கித்தாருக்குச் செலவழித்தார்கள் என்பது அவர் எண்ணம்.

பிறகு அவர் மனம் மோட்டார் சைக்கிள்களின் பக்கம் போனது. மூன்று சக்கர வண்டிகள் கட்டினார், சாப்பர் வண்டிகளுக்கென்றே இதழ் நடத்தினார். ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் போன்ற முரட்டுக் கும்பல்கள் பட்டறைக்கு வந்துபோகத் தொடங்கின. அவர்களின் படங்களைச் சுவரொட்டியாக அச்சடித்தும் விற்றார். குழந்தைகளுக்குப் பொம்மை விற்கும் ரெவெல் அந்தச் சகவாசத்தைப் பொறுக்கவில்லை, உறவை முறித்துக்கொண்டது. நிறுவனத்தைக் குறை சொல்லவும் வழியில்லை. ரோத் யாரையும் ஆள் பார்த்து ஒதுக்காதவர். பையன்களை அவரிடம் இழுத்த அதே குணம்தான் இப்போது அவருடைய சோற்றில் மண்ணைப் போட்டது.

1970இல் பட்டறையை மூடினார். பெயர் பெற்ற கார்களை மலிவு விலைக்கு ஜிம் பிரக்கர் என்ற சேகரிப்பாளரிடம் கொடுத்துவிட்டார். பிரக்கரின் கார் அருங்காட்சியகத்தில் தாமே வேலைக்கும் சேர்ந்தார். பின்னர் நாட்ஸ் பெரி ஃபார்ம் என்ற கேளிக்கைப் பூங்காவில் பெயர்ப் பலகை எழுதும் வேலை. பொம்மைக் கடைகள்தோறும் பெயர் தொங்கிய மனிதர் மாதச் சம்பளத்துக்குப் பலகை எழுதினார். அதை அவர் இழிவாக நினைத்ததாகத் தெரியவில்லை. தூரிகை பிடிக்கிற வேலைதானே. 1974இல் மோர்மன் திருச்சபையில் சேர்ந்து அமைதியான வாழ்க்கைக்குத் திரும்பினார். கடைசிக் காலத்தில் யூட்டா மாநிலத்தில் மேன்டை என்ற சிற்றூரில் குடியேறினார்.

ஆனால் வரிசை மட்டும் கலையவில்லை. முன்பு டி-சட்டைக்காக நின்ற பையன்கள் தலை நரைத்து, தம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சிறு வயதில் ஒட்டிய பிளாஸ்டிக் கார் பெட்டிகளைத் தூசி தட்டிக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டார்கள். 1965இல் அவரிடம் கலை இயக்குநராகச் சேர்ந்த ராபர்ட் வில்லியம்ஸ் அதற்குள் புகழ்பெற்ற ஓவியராகியிருந்தார். அவரைப் போன்றவர்களால் பச்சை எலி ஓவியக் கூடங்களுக்குள்ளும் நுழைந்தது. ரோத்தும் பழையபடி கண்காட்சிகளுக்குப் போய்க் கோடு போட்டார், வரைந்தார், புது வண்டிகளும் கட்டினார். 2001 ஏப்ரல் 4ஆம் தேதி மேன்டையில் தம் பட்டறையில் மாரடைப்பால் இறந்தார். வயது 69. அவர் நினைவாக அந்த ஊரில் ஆண்டுதோறும் ரசிகர்கள் கூடுகிறார்கள்.

பீட்னிக் பேண்டிட் இப்போது நெவாடா மாநிலத்தில் ரீனோ நகரின் தேசிய கார் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எடுபடாமல் போன ஆர்பிட்ரான் பல கை மாறிக் காணாமல் போனது. 2007இல் மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரஸ் நகரில், ஒரு கடை வாசலில் சிதைந்து கிடந்த நிலையில் அதைக் கண்டுபிடித்தார்கள். பழைய படங்களைப் பார்த்துப் பழுது நீக்கி, 2008இல் டெட்ராய்ட் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார்கள். 1964இல் கண்டுகொள்ளாமல் கடந்து போன அதே காரைப் பார்க்க, இந்த முறை கூட்டம் திரண்டு நின்றது.