இருதயத்தைச் சூழும் நீர்: இப்னு ஸுஹ்ர் விட்டுச்சென்ற அமானத்

இருதயத்தைச் சுற்றி நீர் கோத்திருப்பதை இன்று எக்கோ பரிசோதனை சில நிமிடங்களில் காட்டிவிடுகிறது. எந்தக் கருவியும் இல்லாத காலத்தில் இந்நோயை நூலில் பதிந்துவைத்தவர்களுள் ஒருவர் அந்தலூஸின் அபூ மர்வான் அப்துல் மலிக் இப்னு ஸுஹ்ர் (ரஹ்). ஐரோப்பியர் அவரை அவென்ஸோர் என்பர்.

11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இஷ்பீலியாவில், அதாவது இன்றைய ஸ்பெயினின் செவில் நகரில், பல தலைமுறை மருத்துவக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தந்தை அபுல் அலாவிடமே மருத்துவம் கற்றார். முராபித் ஆட்சியாளர்களிடம் பணியாற்றிய அவரை அமீர் அலீ இப்னு யூசுஃப் மராகிஷ் சிறையில் அடைத்தார். 1147இல் அந்த ஆட்சி வீழ்ந்தது. அடுத்து வந்த முவஹ்ஹித் கலீஃபா அப்துல் முஃமின் அவரைத் தம் மருத்துவராக்கிக் கொண்டார்.

மூச்சுக்குழாயைத் திறக்கும் சிகிச்சையை முதலில் ஓர் ஆட்டிடம் செய்துபார்த்து, புண் ஆறுவதை உறுதிசெய்தவர் அவர். அதே நிதானத்துடன்தான் இருதய நோயையும் கவனித்தார். இருதயத்தின் உறைக்குள் சிறுநீர் போன்ற நீர் சேர்வதையும், படலம் படலமாகக் கெட்டிப்பொருள் படிவதையும் 'அத்தைஸீர்' நூலில் விவரித்தார். அவருக்கு முன்பே கிரேக்க மருத்துவர் காலன் விலங்குகளில் இந்நீரைக் கண்டிருந்தார். எனவே இப்னு ஸுஹ்ரே முதலாமவர் என்று நாம் மிகைப்படுத்தத் தேவையில்லை. அன்று தீர்வு இல்லாத நோயையும் விட்டுவிடாமல் எழுதிவைத்ததே அவரது சிறப்பு.

சிகிச்சை விவரங்களுக்கு 'அத்தைஸீர்' நூலைப் பார்க்குமாறு இப்னு ருஷ்து தம் மாணவர்களுக்கு வழிகாட்டினார். அதன் லத்தீன் மொழிபெயர்ப்பு 1490இல் வெனிஸில் அச்சாகியது. இப்னு ஸுஹ்ரின் மகனும் மகளும் பேத்தியும்கூட மருத்துவர்களே. ஹிஜ்ரி 557இல் (1162) இஷ்பீலியாவில் அவர் வஃபாத்தானார்.

இந்நோய்க்கு இன்று சிகிச்சை உண்டு. நீர் அதிகமாகி இருதயத்தை அழுத்தினால் ஊசி மூலம் வெளியேற்றுகிறார்கள். காசநோய், கிருமித்தொற்று, புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு என எது காரணமோ அதற்கும் மருந்து தருகிறார்கள். ஆகவே மூச்சிரைப்போ, படுத்தால் கூடி முன்னால் குனிந்தால் குறையும் நெஞ்சுவலியோ வந்தால், வாயுத் தொல்லை என்று நாமே முடிவுசெய்து நாளைக் கடத்த வேண்டாம். உடல் அல்லாஹ் தந்த அமானத். தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்வோம். நமக்காக எழுதிவைத்துச் சென்ற அந்த மருத்துவருக்காகவும் துஆச் செய்வோம்.