கடலுக்கு அடியில் கையால் பேசியவர்

மொழி தெரியாத ஊரில் ரெயிலை விட்டு இறங்குகிறவனுக்கு முதலில் துணைக்கு வருவது அவன் கைதான். தண்ணீர் வேண்டும், சாப்பாடு வேண்டும், என்ன விலை, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையெல்லாம் கையைக் காட்டியே கேட்டுவிடலாம். நாலைந்து மாதத்தில் அந்த ஊர்ப் பேச்சு நாக்கில் ஏறிவிடும். பிறகு சைகை தேவைப்படாது.

எத்தனை வருடம் பழகினாலும் வாயைத் திறக்க முடியாத இடம் ஒன்று உண்டு. அது கடலின் அடி. காற்றுக் குழாயின் முனையைப் பல்லால் கவ்விக்கொண்டுதான் அங்கே உயிர் வாழ வேண்டும். கையும் கயிறும்தான் அங்கே பேச்சு.

அந்த உலகத்தில் மனிதன் மீனைப் போல நீந்தித் திரிய வழி செய்தவர்களில் முதன்மையானவர், பிரான்ஸ் நாட்டுக் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோ.

முறிந்த கைகள்

கூஸ்தோ 1910-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி, போர்தோ நகருக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். 1930-ல் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். விமானியாக வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு கார் விபத்து அந்த ஆசைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அவருடைய இரண்டு கைகளும் முறிந்தன.

கைகளுக்கு வலு ஏற்றுவதற்காக துலோன் துறைமுகப் பகுதியில் கடலில் நீந்தத் தொடங்கினார். உடன் பணியாற்றிய பிலிப் தாயியே, நீருக்குள் பார்க்க உதவும் கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்ட அந்தக் கணத்தில் கூஸ்தோவின் வாழ்க்கை திசை மாறியது. பிறகு பிரெடரிக் துமா என்ற கைதேர்ந்த நீச்சல்காரரும் சேர்ந்துகொண்டார். மூவரும் இணைபிரியாத நண்பர்கள் ஆனார்கள்.

மனைவிக்குக் காட்டிய கை

இரண்டாம் உலகப்போர்க் காலம். பெட்ரோல் தட்டுப்பாட்டால் நம் நாட்டில் கரிவாயு பஸ்கள் ஓடியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். பிரான்சிலும் அதே நிலைதான். மோட்டார் வண்டிக்கு வாயுவை அளவாகச் செலுத்தும் ஒரு கருவியை எமில் கன்யான் என்ற என்ஜினீயர் செய்து வைத்திருந்தார். நீருக்குள் மூச்சு விட அதை மாற்றி அமைக்க முடியுமா என்று கூஸ்தோ கேட்டார். முடிந்தது.

மூச்சை இழுத்தால் காற்று வரும். நிறுத்தினால் காற்றும் நிற்கும். ஆழத்தின் அழுத்தத்துக்கு ஏற்ப அளவு தானாகவே மாறும். இதுவே 1943-ல் பிறந்த அக்வாலங் கருவி.

அந்த ஆண்டு ஜூன் மாதம் தெற்குக் கடற்கரையில் கூஸ்தோ அதை முதுகில் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினார். ஆபத்து நேர்ந்தால் குதிப்பதற்குத் துமா கரையில் காத்திருந்தார். மனைவி சிமோன் நீர்ப்பரப்பில் மிதந்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தார். ஆழத்திலிருந்து அண்ணாந்து பார்த்த கூஸ்தோவுக்கு, மனைவி ஒரு சின்னப் பொம்மை போலத் தெரிந்தார். கையை அசைத்தார். மேலே இருந்த பொம்மையும் கையை அசைத்தது. கணவன் நலம் என்பதை அறிய அந்த மனைவிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஆறு முறை இழுத்தால்...

போர் முடிந்தபின் துலோனில் கடற்படையின் ஆழ்கடல் ஆராய்ச்சிக் குழு அமைந்தது. அதில் மோரிஸ் ஃபார்க் என்ற கடற்படை வீரர் முக்கியமானவர்.

1946 ஆகஸ்டில் கூஸ்தோவும் துமாவும் வோக்ளூஸ் என்ற ஊற்றின் குகைக்குள் இறங்கினார்கள். உள்ளே கும்மிருட்டு. மேலே இருப்பவருக்கு ஒரு கயிறுதான் தொடர்பு. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களும் இப்படித்தான் கயிற்றை அசைத்துப் படகில் உள்ளவரிடம் பேசினார்கள். ஒரு முறை இழுத்தால் கயிற்றை இறுக்கிப் பிடி; மூன்று முறை இழுத்தால் இன்னும் கயிறு விடு; ஆறு முறை இழுத்தால் ஆபத்து, உடனே மேலே தூக்கு என்பது ஏற்பாடு. கயிற்றின் மறுமுனை ஃபார்க்கின் கையில் இருந்தது.

குகைக்குள் இருவருக்கும் தலை சுற்றியது. துமா நினைவு தடுமாறினார். கூஸ்தோ கயிற்றை இழுத்தார். ஆறு இழுப்பும் மேலே சரியாகப் போய்ச் சேரவில்லை. கயிறு கேட்கிறார்கள் என்று எண்ணிய ஃபார்க், மேலும் மேலும் கயிறு விட்டார். கூஸ்தோ கயிற்றைப் பிடித்து ஏறப் பார்த்தார். ஏற ஏறக் கயிறு கீழே வந்துகொண்டே இருந்தது!

அந்த நேரத்தில் ஃபார்க்கின் மனதில் சந்தேகம் எழுந்தது. ஆறு இழுப்பு வரவில்லை என்பது உண்மை. ஆனாலும் கயிற்றின் அசைவில் ஏதோ சரியில்லை. தவறாகத் தூக்கிவிட்டால் திட்டு விழும். தூக்காமல் இருந்தால் உயிரே போகலாம். அவர் தூக்கினார். இருவரும் பிழைத்தார்கள்.

காற்று நிரப்பும் எந்திரம் தன் புகையையே உறிஞ்சி, நச்சு வாயுவைச் சிலிண்டருக்குள் அடைத்திருந்தது பின்னால் தெரிய வந்தது.

நின்றுபோன கயிறு

அடுத்த ஆண்டு வேறொரு சோதனை. சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு எவ்வளவு ஆழம் போகலாம் என்று அறிய விரும்பினார்கள். ஆழம் கூடக்கூட, காற்றில் உள்ள நைட்ரஜன் சாராயத்தைப் போல மூளையை மயக்கும். பயம் மறைந்து ஆனந்தம் பொங்கும். அதுதான் ஆபத்து.

எடை கட்டிய கயிறு ஒன்றைக் கடலில் இறக்கி, அதில் இடைவெளி விட்டு வெள்ளைப் பலகைகளைக் கட்டினார்கள். இறங்குகிறவர் தாம் எட்டிய கடைசிப் பலகையில் கையெழுத்திட்டுத் திரும்ப வேண்டும். கூஸ்தோ ஏறத்தாழ 90 மீட்டர் வரை சென்று வந்தார்.

1947 செப்டம்பர் 17-ந் தேதி ஃபார்க்கின் முறை. அவர் இறங்கியபடியே கயிற்றை அசைத்து, நலம் என்று தெரிவித்துக்கொண்டு போனார். திடீரென்று அசைவு நின்றது. உடனே துணைக்கு ஒருவர் பாய்ந்து இறங்கினார். மேலே இருந்தவர்கள் கயிற்றை இழுத்தார்கள். ஃபார்க் நினைவற்று வந்தார். மூச்சுக்குழாய் வாயிலிருந்து நழுவி மார்பில் தொங்கியது. பல மணி நேரம் போராடியும் உயிர் திரும்பவில்லை.

பலகைக் கயிற்றை ஏற்றிப் பார்த்தார்கள். 120 மீட்டர் ஆழத்தில், அதாவது ஏறத்தாழ 400 அடியில் இருந்த பலகையில் அவருடைய கையெழுத்து இருந்தது.

முந்தின ஆண்டு, சரியாக வராத சைகையைக்கூடப் புரிந்துகொண்டு இரண்டு உயிர்களைக் காத்தவர் அவர். அவருக்கு ஆபத்து வந்தபோது, புரிந்துகொள்வதற்கு மேலே ஒரு சைகையும் வரவில்லை. நலம் என்ற செய்திக்கும் மரணத்துக்கும் நடுவே இருந்தது மிகச் சிறிது நேரமே. சாதாரணக் காற்றை நம்பி அவ்வளவு ஆழம் இறங்கக்கூடாது என்ற பாடத்தைக் கூஸ்தோ அந்த நண்பரின் உயிரைக் கொடுத்துக் கற்றார்.

விரல்களின் அகராதி

அக்வாலங் உலகமெங்கும் பரவியது. அதனோடு கைச்சைகைகளும் ஒழுங்கு பெற்றன. அவற்றை எல்லாம் கூஸ்தோ ஒருவரே வகுத்தார் என்று சொல்ல முடியாது. முக்குளிப்போர் பலரின் பழக்கத்தில் வளர்ந்தவை அவை.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வட்டம் போட்டால் நலம். விரித்த கையை இருபுறமும் ஆட்டினால் ஏதோ கோளாறு. கையைக் கழுத்துக்குக் குறுக்கே வெட்டுவது போல இழுத்தால் காற்று தீர்ந்துவிட்டது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் மேலே போகலாம் என்று பொருள். கரையில் வெற்றிக்கு அடையாளமான அதே கட்டைவிரல், நீருக்குள் புறப்படச் சொல்கிறது!

காதை நம்பவும் வழியில்லை. நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் பாயும். இது காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் அதிகம். அதனால் சிலிண்டரைத் தட்டும் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே புரியாது. ஆகவே இருவர் இருவராக இறங்குவதும், ஒருவர் கண்ணில் மற்றவர் படும்படி இருப்பதும் விதியாயிற்று. நலமா என்று வட்டம் காட்டினால், எதிரில் இருப்பவரும் வட்டம் காட்ட வேண்டும். பதில் வராவிட்டால் அருகே சென்று பார்க்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவரும் பழக்கத்தால் வட்டம் காட்டிவிடக் கூடும். எனவே விரலோடு கண்ணையும் கவனிப்பது நல்ல துணைவரின் கடமை.

கடலின் தூதர்

1950-ல் காலிப்சோ என்ற பழைய கண்ணிவெடி வாரும் கப்பல் கூஸ்தோவுக்குக் கிடைத்தது. வாடகை ஆண்டுக்கு ஒரே ஒரு பிராங்க். அதில் அவர் உலகக் கடல்களைச் சுற்றினார். அவர் எடுத்த மவுன உலகம் என்ற படம் 1956-ல் கான் பட விழாவின் முதல் பரிசைப் பெற்றது. மறு ஆண்டு ஆஸ்கார் விருதும் கிடைத்தது. 1962-ல் அவர் குழுவினர் இருவர், மார்சேய் அருகே கடலுக்கு அடியில் அமைத்த வீட்டில் ஒரு வாரம் வாழ்ந்து காட்டினார்கள். அணுக் கழிவுகளை மத்தியதரைக் கடலில் கொட்ட முயன்றபோது, 1960-ல் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்.

துயரங்களும் தொடர்ந்தன. 1979-ல் இளைய மகன் பிலிப் விமான விபத்தில் மாண்டார். 1996-ல் காலிப்சோ, சிங்கப்பூர் துறைமுகத்தில் வேறொரு கலம் மோதி மூழ்கியது. 1997 ஜூன் 25-ந் தேதி, 87-ம் வயதில் கூஸ்தோ பாரிசில் காலமானார்.

கடலில் முதன்முதலாக இறங்கப் பழகும் எவருக்கும் இன்றும் நீரில் இறங்கும் முன்பே கைச்சைகைகளைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். காட்டுவதற்குக் கற்றால் மட்டும் போதாது. பார்ப்பதற்கும் கற்க வேண்டும். கயிற்றின் மறுமுனையில் கவனமாக ஒருவர் இருந்ததால்தான், கூஸ்தோ அந்தக் குகையிலிருந்து மீண்டு மேலும் 50 ஆண்டுகள் வாழ்ந்தார்.