கொழும்புத் துறையும் சிதம்பரம் பிள்ளையும்

பண்டத்தை ஆக்குவோர் ஒருவர். அதனை விலைகொடுத்துக் கொள்வோர் மற்றொருவர். இவ்விருவர்க்கும் இடைநின்று அதனைச் சுமந்து செல்வோர் மூன்றாமவர். வாணிபத்தின் கடிவாளம் பெரிதும் இம்மூன்றாமவர் கையில் இருக்கின்றது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். நம் திருப்பூர் இராயபுரத்துத் தெருக்களில் தைத்து மடித்துப் பெட்டியிலிடும் பனியன்களிற் பல, தூத்துக்குடித் துறைமுகம் சேர்ந்து, அங்கிருந்து சிறு கப்பலிற் கொழும்பு சென்று, பின்னரே பெருங்கப்பலேறி மேனாடுகளுக்குப் போகின்றன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட இக்கடல்வழியில் நம்மவரே கப்பல் விடல் வேண்டும் என்று ஒரு நூற்றாண்டிற்கு முன்னர் முயன்று, அதன்பொருட்டுத் தம் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்த பெரியார் வ. உ. சிதம்பரம் பிள்ளை ஆவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிள்ளையவர்கள் திருநெல்வேலி ஜில்லா ஒட்டப்பிடாரத்தில் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 5-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை. தாயார் பரமாயி அம்மாள். தூத்துக்குடியிலுள்ள சவேரியார் பள்ளியிலும் கால்டுவெல் பள்ளியிலும் கல்வி பயின்று, பின்னர்ச் சட்டம் கற்றுத் தேறி, 1895-இல் தம் ஊரிலேயே வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1900-இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். தந்தையாரைப் போலவே வழக்கறிவிற் சிறந்த இவர், ஏழை மக்களின் வழக்குகளைப் பரிவுடன் ஏற்று நடத்தி நற்பெயர் பெற்றார்.

அந்நாளில் தூத்துக்குடி, இலங்கை வாணிபத்திற்குத் தலைவாயிலாய் விளங்கிற்று. 1876-இல் இருப்புப்பாதை அவ்வூரை எட்டியபின் உள்நாட்டுச் சரக்குகள் அங்கு வந்து குவிந்தன. அரிசியும் துணியும் பிற பண்டங்களும் கொழும்புக்கு ஏறின; இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்யப் போந்த தமிழ்க் கூலிமக்களும் அத்துறை வழியே பெருந்தொகையினராய்ச் சென்றனர். சரக்கு நம்முடையது, பிரயாணியும் நம்மவரே, கப்பலோ பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பற் கம்பெனியாருடையது. அவர் விதித்ததே கூலி. அவர் குறித்ததே நேரம். வங்காளப் பிரிவினையால் 1905-இல் எழுந்த சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவியபோது, அந்நியத் துணியை விலக்குவதனோடு நில்லாது, அந்நியக் கப்பலுக்கு மாற்றுக் காண வேண்டும் எனப் பிள்ளையவர்கள் துணிந்தமைக்கு இதுவே காரணம்.

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் 10 லக்ஷம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச்சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்னும் வணிகர் ஒருவரே 8,000 பங்குகளை, அஃதாவது 2 லக்ஷம் ரூபாய்க்கு, வாங்கினார். இந்துவும் முகம்மதியரும் ஒரு தொழிலில் ஒன்றுகூடி நின்ற இக்காட்சி அந்நாளில் மிக்க ஊக்கத்தை அளித்தது.

தொடக்கத்திற் சங்கத்திற்குச் சொந்தக் கப்பல் இல்லை. ஷா லைன் கம்பெனியாரிடம் வாடகைக்குப் பெற்ற கப்பல்களையே ஓட்டினர். எதிர்க் கம்பெனியாரின் நெருக்குதலால் ஷா கம்பெனியார் தம் கப்பல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். பிள்ளையவர்கள் மனந்தளராது கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தினார். வாடகைக் கப்பலை நம்பியிருத்தல் ஆகாதென உணர்ந்து பொருள் திரட்ட வடநாடு சென்றார். 1907-ஆம் ஆண்டு மே மாதத்தில் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடி வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் 1,300 சாதாரண வகுப்புப் பிரயாணிகளையும் 4,000 மூட்டைகளையும் ஏற்றவல்லது.

இனி நிகழ்ந்தது கட்டணப்போர். பிரிட்டிஷ் கம்பெனியார் கொழும்புச் சீட்டை ஒரு ரூபாயாகக் குறைத்தனர். சுதேசிச் சங்கத்தார் அரை ரூபாயாக்கினர். அதன்மேல் அவர் கட்டணமின்றி ஏற்றிச் செல்வதாகவும், ஏறுவார்க்குக் குடையொன்று இனாமாகத் தருவதாகவும் அறிவித்தனர். ஆழ்ந்த பணப்பை உடையார் ஓராண்டு நஷ்டத்தைத் தாங்குவர்; 25 ரூபாய்ப் பங்குகளால் எழுந்த சங்கம் எங்ஙனம் தாங்கும்?

இந்நிலையிற் பிள்ளையவர்கள் தொழிலாளர் துயரையும் தம் துயராகக் கொண்டார். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்க்குத் துணைநின்று, கூலி உயர்வும் வார ஓய்வும் பெறச் செய்தார். ஆலைகளாலும் தொழிற்கூடங்களாலும் வாழும் நம் ஊரார் இதனை நன்கு நினைத்தல் தகும். மார்ச் 12-ஆம் நாள் அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பெற்றனர். மறுநாள் திருநெல்வேலியிற் கலகமும் துப்பாக்கிப் பிரயோகமும் நிகழ்ந்து நால்வர் மாண்டனர். ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே, பிள்ளையவர்களுக்கு இரட்டைத் தீவாந்தர தண்டனை விதித்தார். மேல் விசாரணையில் அது குறைக்கப்பட்டது.

நம் திருப்பூரும் அந்நாளில் அடங்கியிருந்த கோயம்புத்தூர் ஜில்லாவின் தலைநகர்ச் சிறையிலேயே, கப்பல் செலுத்திய அவர் மாடுபோற் செக்கிழுத்தார். 1910-இற் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பெற்றார். அவர் சிறையிலிருக்கும்போதே, 1911-இற் சங்கம் கலைந்து கப்பல்கள் கைமாறின. 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளிப்போந்தபோது வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை; நோயுற்ற சிவாவும் சிலருமே வாயிலில் நின்றனர்.

வக்கீல் உரிமையும் பறிபோயிருந்தமையால் சென்னையிலும் பிறவிடங்களிலும் வறுமையோடு வாழ்ந்தார். வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி அவ்வுரிமையை மீட்டளிக்க, அந்நன்றி மறவாது தம் மைந்தர் ஒருவர்க்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கில அரசோடு பொருதவர் ஆங்கிலேயர் ஒருவரின் நற்குணத்தைப் போற்றினார் என்பது அவர்தம் உள்ளத்தின் தூய்மையைக் காட்டும். மெய்யறம் முதலிய நூல்களை இயற்றியும், ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கியும், தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தும் தமிழுக்குத் தொண்டாற்றினார். 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியில் உயிர் நீத்தார்.

அவர் முயற்சி தோற்றது என்று சிலர் கூறுவர். தோற்றது எதனால் என்பதை நாம் ஆராய்தல் வேண்டும். இலவசச் சீட்டைக் கைநீட்டி வாங்கிய ஏழைக் கூலியாளைப் பழித்தல் முறையன்று; அவனுக்கு அரை ரூபாயும் பெரும்பொருளே. ஆயினும் போட்டியாளர் ஒழிந்தபின் இலவசம் நிலைக்காது என்பதைக் கணக்கறிந்த வணிகரும் கற்றவரும் அன்றோ எடுத்துரைத்துச் சங்கத்தைத் தாங்கியிருத்தல் வேண்டும்? மேலும், ஒருவர் தோளிலேயே முழுப்பாரமும் ஏற்றிய நிறுவனம் அவ்வொருவர் சிறைப்பட்டதும் சாய்ந்தது. நஷ்டத்தைப் பலர் பகிர்ந்து பொறுக்கும் மனமின்றிக் கூட்டு வாணிபம் நில்லாது.

இந்தியாவும் இலங்கையும் 1998-இற் செய்துகொண்ட தடையிலா வாணிப ஒப்பந்தம் 2000-இல் நடைமுறைக்கு வந்தது. 2011-இல் தூத்துக்குடித் துறைமுகம் சிதம்பரனார் பெயரைப் பெற்றது. அவ்வாண்டே அங்கிருந்து கொழும்புக்குத் தொடங்கிய பிரயாணிக் கப்பல் சில திங்களில் நின்றுபோயிற்று. அக்கடல்வழி இன்றும் எளிதன்று. படித்து முடித்து வாணிபத்திற் புகவிருக்கும் மாணவர்கள் பண்டத்தின் விலையோடு, அதனைச் சுமப்பவர் யார், அச்சுமைகூலியை விதிப்பவர் யார் என்னும் வினாக்களையும் எழுப்பக் கற்பார்களாயின், பிள்ளையவர்கள் பட்ட பாடு வீண்போகாது.