ஏமி ஜான்சன் அம்மையார்

பறவையைப்போல வானில் பறத்தல் வேண்டும் என்பது மக்கள் நெடுங்காலமாகக் கொண்டிருந்த வேட்கை. அது 1903ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ரைட் உடன்பிறந்தார் முயற்சியால் நிறைவேறிற்று. அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 1ஆம் நாள், இங்கிலாந்தின் கீழ்க்கரையில் உள்ள ஹல் என்னும் துறைமுக நகரில், மீன் வணிகர் ஒருவர் இல்லத்தில் பெண்மகவு ஒன்று பிறந்தது. அம்மகவே பின்னாளில் வான்வழிப் பயணத்தால் உலகப் புகழ் எய்திய ஏமி ஜான்சன் அம்மையார்.

அம்மையார் ஷெப்பீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்று பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் மாநகரில் வழக்கறிஞர் ஒருவரிடம் செயலாளராக அமர்ந்தார். நகரின் வடபால் ஸ்டாக் லேன் என்னும் விமானத்தளம் இருந்தது. ஆங்கே இயங்கிய விமானச் சங்கத்தில் 1928ஆம் ஆண்டு சேர்ந்து பயிற்சி தொடங்கினார்.

அக்காலத்துப் பயிற்சி விமானம் ‘மாத்’ என்பது. மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்து, மேலும் கீழுமாக ஈரடுக்குச் சிறகு அமைத்திருப்பர். மேற்கூரை இல்லை, காற்றும் மழையும் முகத்தில் அறையும். ஆசிரியர் முன்னிருக்கையிலும் மாணவர் பின்னிருக்கையிலும் அமர்வர். இயந்திர ஓசையிடையே குழாய் வழியாகவே பேசிக்கொள்வர். அம்மையார் விரைவில் கற்றுத் தேர்ந்தாரல்லர். பதினைந்தே முக்கால் மணி நேரம் ஆசிரியருடன் பறந்த பின்னரே, 1929ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தனியே பறக்க இசைவு கிடைத்தது. மறுதிங்களில் விமானி உரிமம் பெற்றார்.

ஓட்டக் கற்றதோடு அவர் உள்ளம் அமைதியுறவில்லை. தம்மைச் சுமந்து செல்லும் பொறியின் இயல்பைத் தாமே அறிதல் வேண்டும் எனக் கருதினார். ஆடவர் மட்டுமே தொழில் செய்த கொட்டகையினுள் நுழைந்து, கையில் எண்ணெயும் கரியும் படிய, இயந்திரத்தைப் பிரித்துக் கோக்கப் பழகினார். அவ்வாண்டிலேயே தரைப் பொறியாளர் உரிமமும் பெற்றார். பிரித்தானிய மகளிருள் அவ்வுரிமம் பெற்ற முதல்வர் அவரே.

பின்னர், ஆஸ்திரேலியாவிற்குத் தனியே பறந்து செல்லத் துணிந்தார். தந்தையாரும் வேக்பீல்டு பிரபுவும் பொருளுதவி புரிந்தனர். பழைய மாத் விமானம் ஒன்றை வாங்கி, தந்தையாரின் வணிகக் குறியாகிய ‘ஜேசன்’ என்பதையே அதற்குப் பெயராக இட்டார். 1930ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் கிராய்டன் தளத்தினின்றும் புறப்பட்டார். அதற்குமுன் அவர் பறந்த மொத்தக் காலம் நூறு மணி நேரமும் நிரம்பவில்லை.

பாக்தாத் நகரை நோக்கிச் செல்கையில் மணற்புயல் சூழ்ந்தது. பாலைவனத்தில் இறங்க நேர்ந்தது. விமானத்தைக் காற்று உருட்டிச் செல்லாவண்ணம் சக்கரங்களுக்குப் பெட்டிகளை முட்டுக் கொடுத்து, மணல் புகாவாறு இயந்திரத்தை மூடி, புயல் தணியும் வரை காத்திருந்தார். ஆறே நாளில் கராச்சியை அடைந்தார். அதற்குமுன் எவரும் அத்துணை விரைவில் ஆங்கு வந்திலர். ஆயின், இரங்கூனுக்கு அருகில் இன்சீன் என்னுமிடத்தில் விளையாட்டுத் திடல் ஒன்றில் இறங்கியபோது, விமானம் பள்ளத்தில் பாய்ந்து சிறகு சிதைந்தது. அங்கிருந்த தொழிற்பள்ளியார் துணைநிற்க, பழுது நீக்கப் பெற்றது. விமானத்துணியால் முன்பே தைக்கப்பட்டிருந்த சட்டைகள் கிழிக்கப்பட்டுச் சிறகிற்கு ஒட்டுத்துணியாயின! கொட்டகையில் கற்ற கல்வி ஆங்கே கைகொடுத்தது.

மே 24ஆம் நாள் டார்வின் நகரில் இறங்கினார். ஏறத்தாழ 11,000 மைல் கடந்திருந்தார். ஹிங்க்லர் என்பார் 1928ஆம் ஆண்டு பதினைந்தரை நாளில் சென்ற விரைவை அவர் விஞ்சவில்லை. எனினும், இங்கிலாந்தினின்றும் ஆஸ்திரேலியாவிற்குத் தனியே பறந்த முதற் பெண்மணி என்னும் பெருமை அவர்க்கே உரியதாயிற்று.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, விமானங்களைத் தளந்தோறும் கொண்டு சேர்க்கும் துணைப் படையில் 1940ஆம் ஆண்டு சேர்ந்தார். 1941ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள், கடுங்குளிரில் விமானம் ஒன்றைச் செலுத்திச் செல்கையில், தேம்ஸ் ஆற்றின் கழிமுகத்தில் வீழ்ந்தார். அவரைக் காக்க நீரில் குதித்த கப்பல் தலைவர் பிளெட்சரும் உயிர் துறந்தார். அம்மையாரின் உடல் கிடைக்கவேயில்லை. அப்போது அவர்க்கு வயது முப்பத்தேழு.

ஸ்டாக் லேன் தளம் மூடப்பட்டு அவ்விடத்தில் வீடுகள் எழுந்துவிட்டன. ‘ஜேசன்’ மட்டும் இலண்டன் அறிவியற் காட்சிச்சாலையில் இன்றும் தொங்குகிறது. மாணவர்களே, அம்மையாரை உயர்த்தியது துணிவு மட்டுமன்று. அத்துணிவிற்கு அடிநிலையாய் நின்ற பொறுமையான பயிற்சியுமாம். மெல்லக் கற்றல் இழிவன்று. கற்பதைப் பாதியில் விடுதலே இழிவு என்பதை அவர் வாழ்வால் அறிவோமாக.