தாழ்ந்த தரம் பெற்ற ஆய்வுரை
சுவான்டே அரேனியஸ் வாழ்க்கைக் குறிப்பு

தேயிலைச் செடி அமில மண்ணை விரும்பி வளர்வது. அம்மண்ணின் பி.எச். பெறுமானம் 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்டிருத்தல் நன்று. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணைச் சோதிப்போரும், அட்டனிலும் நுவரெலியாவிலும் பரிசோதனைக் கூடங்களில் அசற்றிக்கமிலத்தை ஆராயும் மாணவரும் காண விழைவது ஒன்றே: கரைசலில் ஐதரோனியம் அயன் எவ்வளவு உண்டு என்பது. இவ்வினாவுக்கு வழிதிறந்த பேரறிஞர் சுவான்டே அரேனியஸ் ஆவார். பரீட்சைப் பெறுபேறு கண்டு மனங்கலங்கும் மாணவர் அவர்தம் வரலாற்றை அறிதல் வேண்டும்.

1859ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் நாள், சுவீடனில் உப்சாலா நகருக்கு அண்மையிலுள்ள விக் என்னுமிடத்தில் நில அளவையாளர் ஒருவரின் மைந்தராய் அவர் பிறந்தார். உப்சாலாப் பல்கலைக்கழகத்திற் பயின்று, பின் ஸ்டொக்ஹோம் சென்று, கரைசல்கள் மின்னைக் கடத்தும் வகையை ஆராய்ந்தார். 1884இல் தம் ஆய்வுரையை உப்சாலாவில் அளித்தார். உப்பும் அமிலமும் நீரிற் கரையும்போது மின்னோட்டம் இல்லாமலே மின்னேற்றமுள்ள கூறுகளாய்ப் பிரிகின்றன என்னும் கொள்கையின் வித்து அதில் இருந்தது. நீரிலிட்டால் வெடிக்கும் சோடியமும், நச்சுவாயுவாகிய குளோரினும் உப்புநீரில் எவ்வாறு தனித்தனியே அமைதியாய் இருத்தல் கூடுமென அக்கால அறிஞர் ஐயுற்றனர். மின்னேற்றம் பெற்ற அயனின் இயல்பு, அணுவின் இயல்பினின்றும் முற்றும் வேறானது என்பது அன்று தெளிவாகவில்லை. ஆய்வுரைக்குத் தாழ்ந்த தரமே கிடைத்தது. ஆசிரியப் பதவிக்கான வழியும் அடைபட்டதுபோலத் தோன்றிற்று.

அரேனியஸ் சோர்ந்திலர். ஆய்வுரையின் படிகளைப் பிறநாட்டு அறிஞர்க்கு அனுப்பினார். ரீகா நகரிலிருந்த வில்லெம் ஒஸ்வால்ட் அதன் அருமையை உணர்ந்து, அவ்வாண்டிலேயே உப்சாலாவுக்கு நேரில் வந்து அவரைக் கண்டார். அதன்பின் உப்சாலாவும் அவருக்கு விரிவுரையாளர் தகுதி வழங்கிற்று. 1887இல் கூட்டப்பிரிகைக் கொள்கையை அரேனியஸ் முழுமையாக வெளியிட்டார். 1888இல் ஒஸ்வால்ட் தம் ஐதாக்கல் விதியைத் தந்தார்.

அவ்விதியின் பயனை ஓர் உதாரணத்தாற் காண்போம். அசற்றிக்கமிலத்தின் பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵. 0.1 மூலர்க் கரைசலில் மிகச் சிறு பங்கே பிரிவதால், மாறிலியைச் செறிவாற் பெருக்கி வர்க்கமூலம் காணலாம். ஐதரோனியம் அயன் செறிவு ஏறத்தாழ 0.00134 மூலர், பிரிந்த பங்கு நூற்றுக்கு 1.3, பி.எச். 2.87. கரைசலைப் பத்து மடங்கு ஐதாக்கின் அயன் செறிவு 0.00042 ஆகும். அது பத்திலொன்றாகக் குறையாது, ஏறக்குறைய மூன்றிலொன்றாகவே குறைகின்றது. ஏனெனிற் பிரிந்த பங்கு நூற்றுக்கு 4.2 ஆக உயர்கின்றது. இப்பங்கு ஐந்துக்கு மேற்படின் சுருக்கவழியை விடுத்து இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தலே முறை. அமிலம் மென்மையானது என்பது அதன் அளவு குறைந்தது என்பதன்று. அதிற் பிரிந்த பங்கு குறைந்தது என்பதே.

வன்னமிலங்களுக்கு இவ்விதி பொருந்தவில்லை. 1918இல் வங்காளத்து ஞானசந்திர கோஷ் அக்குறையைத் தீர்க்க முயன்றார். 1923இல் டெபையும் ஹியூக்கெலும் மேலும் பொருத்தமான விளக்கம் தந்தனர். ஆயினும் மென்னமிலத்தைப் பொறுத்தவரை இன்றும் மாணவர் கணிப்பது அன்றைய வழியிலேயே.

1903இல் இரசாயனவியலுக்கான நோபெல் பரிசு அரேனியசுக்குக் கிடைத்தது. அவரது ஆய்வுரைக் காலத்தில் உப்சாலாவில் இரசாயனப் பேராசிரியராயிருந்து அக்கொள்கையைப் பொருட்படுத்தாத கிளேவே, அப்போது அப்பரிசுக்குரிய குழுவில் வீற்றிருந்தார். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு மிகின் புவி வெப்பமுறும் என 1896இலேயே கணித்துக்காட்டியவரும் அரேனியஸே. அவ்வாயு கரைந்த மழைநீரும் ஒரு மென்னமிலக் கரைசலே. நம் மலைச்சாரலிற் பெய்யும் தூய மழைத்துளியின் பி.எச். ஏறத்தாழ 5.6 ஆவது இதனாலேயே.

1927 ஒக்டோபர் 2ஆம் நாள் ஸ்டொக்ஹோமில் அவர் காலமானார். அன்று பரீட்சகர் இட்ட தரத்தை இன்று நினைப்பார் சிலரே. அவர் கண்ட உண்மையோ அமிலத்தை அளக்கும் ஒவ்வொரு மாணவன் கையிலும் நின்று நிலவுகின்றது.